காலியாகாத இடம்

கல்மேட்டுத் தோட்டத்துப் பெரிய துரை கார்ஸ்லேக் இருபத்திரண்டு வருஷம் ஆண்டு முடித்துச் சீமைக்குத் திரும்பப் போகிறார் என்ற செய்தி கூலி ஆட்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தபோது யாரும் அழவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. ஐம்பத்தோராம் வருஷத்தில் சிரிப்பதற்கும் பாஸ் வாங்க வேண்டுமோ என்னவோ, யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

மலாயாவில் அவசரகாலம். லாபு ரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த அந்தத் தோட்டத்தின் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேலிக்கு ஒரே கேட். கேட்டில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் வாளியைத் தட்டிப் பார்ப்பார்கள். மடியில் ஒரு கவளம் சோறு இருந்தால் அது காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிற சோறு. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறவனே விசுவாசமானவன் என்பது சர்க்காரின் கொள்கை.

துரைக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. தான் போன பிறகு தோட்டம் இன்னொருவன் கையெழுத்தில் ஓடும் என்பதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பங்களாவில் உட்கார்ந்து கம்பெனிச் சட்டப் புத்தகத்தை மூன்று வாரம் படித்தார். பதினான்காவது விதியில் நின்றார். வேலையை விட்டுப் போன மேலாளர் எந்த இடத்துக்கும் ஆள் நியமிக்க முடியாது என்றது அது. துரை அந்த விதிக்கு முழு மரியாதை கொடுத்தார். போன பிறகு நியமிக்கக் கூடாது, சரி. போவதற்கு முன்னால் நியமிக்கலாம். அந்த இடம் எப்போது காலியாக வேண்டும் என்று விதியில் ஓர் எழுத்தும் இல்லை. ஆகவே இன்றைக்குக் காலியாக இல்லாத, ஆனால் என்றைக்காவது காலியாகப் போகிற எல்லா இடங்களுக்கும் அவர் இன்றைக்கே ஆள் போட்டார். ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கும் பெரிய கிராணி ராமகிருஷ்ணன் ஒன்பது நாள் உட்கார்ந்து டைப் அடித்தார். நாற்பத்தொரு கடிதங்கள்.

வேலைக்குப் புறப்படுமுன் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில், பிப்ரவரி கடைசியில் ஒரு விடியற்காலை, துரை மேஜைமேல் ஏறி நின்றார். அவருக்குத் தமிழ் தெரியும். மரியாதைச் சொற்கள் தவிர மற்றவை எல்லாம் தெரியும்.

"கேளு. இருபத்திரண்டு வருஷம் இந்தத் தோட்டம் எனக்காக ஓடினது. இனிமே நான் இல்லாமலும் எனக்காக ஓடும். உங்கள்ல யாரு எப்ப சாவான் எனக்குத் தெரியாது. அது என் தப்பு இல்ல. ஆனா எவன் செத்தாலும் பால் நிக்கக் கூடாது. அதனால நான் உங்க எல்லாரோட சாவையும் யோசிச்சு முடிச்சுட்டேன். நீங்க யோசிக்க வேணாம். நன்றி சொல்லு."

"நன்றி தொரை" என்றது களம்.

கிராணி கடிதங்களை வாசித்தார். லாரி டிரைவர் இடம் காலியானால் இன்னார். ஆஸ்பத்திரி டிரெஸர் இடம் காலியானால் இன்னார். பிள்ளைக் கொட்டகை ஆயா செத்தால் இன்னாள். அந்த ஆயா முதல் வரிசையில்தான் நின்றாள். தன் பேர் வாசிக்கப்பட்டதும் பழக்கத்தில் "இருக்கேன்யா" என்றாள்.

பால் வெட்டுப் பெண்களின் வரிசையில் நின்ற செல்லம் பதினேழாவது கடிதத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

"இரண்டாம் பிரிவு மண்டோர் சன்னாசியின் இடம், ஓய்வாலோ, விலகலாலோ, மரணத்தாலோ காலியாகும் நாள் முதல், பால் வெட்டு அமிர்தலிங்கம் அந்த இடத்தில் நியமிக்கப்படுகிறார்."

ஆட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி அவள் புருஷன். அமிர்தலிங்கம் அவள் அண்ணன். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட அப்பன் திரும்பி வராதபோது, அவளை மரவள்ளி கொடுத்து வளர்த்து, தன் சிநேகிதனான சன்னாசிக்கே கட்டிக் கொடுத்தவன் அண்ணன். அவன் களத்தின் நடுவே போய் இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். எதிரே சன்னாசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கடிதத்தோடு காரியம் முடியவில்லை. மறுநாளிலிருந்து, இடத்துக்கு எழுதப்பட்டவர் ஒவ்வொருவரும் அந்த இடத்தில் இருப்பவருக்கு ஓரடி பின்னால் நிற்க வேண்டும் என்று உத்தரவு. துரை வரிசைகளுக்கு நடுவே நடந்து அந்த ஓரடியைப் பிரம்பால் அளந்தார்.

"என்ன மச்சான், மூச்சு பிடரியில படுது" என்பார் சன்னாசி திரும்பாமலே. "தள்ளி நில்லுலா. நான் இன்னும் காலியாகல."

"சும்மா இரு மாப்ளே. நானே கூசிப்போய் நிக்கிறேன்."

"கூசாதே. வெள்ளைக்காரன் பிளான் போட்டுட்டான். நான்தான் சுணங்கிக்கிட்டு இருக்கேன்."

சனிக்கிழமைகளில் ஒத்திகை. இருக்கிற ஆட்கள் அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார வேண்டும். எழுதப்பட்ட ஆட்கள் அவர்கள் வேலையைச் செய்து காட்ட வேண்டும். சன்னாசி வேர்மேல் தலைவைத்துப் படுத்து, மார்பில் கையைக் கோத்துக்கொண்டு, "நான் செத்துட்டேன், வாளியை எண்ணு மச்சான்" என்பார். இரண்டாம் பிரிவே சிரிக்கும். அமிர்தலிங்கம் எண்ணுவான். எண்ணிக்கை ஒருநாளும் சரியாக வந்ததில்லை.

செல்லத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்புவரை படித்தவள் அவள். குழாயடியில் பழைய பேப்பரை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறவள். எழுதி வைத்த எழுத்து சும்மா இருக்காது என்று அவளுக்கு ஒரு பயம்.

"உங்கண்ணன் பொறுமைசாலிடி" என்றாள் குழாயடியில் பக்கத்து வீட்டு ராக்கம்மா. "என் வீட்டுக்காரரு இடத்துக்கு எழுதி வச்சிருக்கானே, அந்தப் பய தினம் வாசல்ல வந்து, 'அக்கா, அண்ணனுக்கு இருமல் எப்படி இருக்கு'ன்னு கேக்குறான். தேவலைன்னா மூஞ்சி தொங்கிப் போகுது."

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி கார்ஸ்லேக் துரை போனார். போகிற அன்று கடைசி உத்தரவு ஒன்று போட்டார். கடிதங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில், வாசலைப் பார்த்தாற்போல் மாட்டி வைக்க வேண்டும். மாட்டாதவன் கம்பெனியை அவமதித்தவன். அமிர்தலிங்கம் முருகன் படத்துக்குக் கீழே மாட்டினான். அந்தப் பக்கம் திரும்பாமலே சோறு தின்னப் பழகிக்கொண்டான்.

புதிதாக வந்த பெல்லாமி துரை இளையவர், சுத்தமான சட்டை போடுகிறவர். வந்த மூன்றாம் நாள், ஆபீஸில் இருந்த நகல் கடிதக் கட்டைப் பிரித்தார். நாற்பதுவரை அமைதியாகப் படித்தார். நாற்பத்தொன்றாவது கடிதம், பெல்லாமியின் இடம் ஓய்வாலோ, விலகலாலோ, மரணத்தாலோ காலியாகும் நாள் முதல், கார்ஸ்லேக்கின் அக்காள் மகனை மேலாளராக நியமித்திருந்தது. பையனுக்கு வயது பதினொன்று. சீமையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

பெல்லாமி துரை அன்று சாப்பிடவில்லை என்று பங்களாச் சமையற்காரன் சொன்னான். நாற்பத்தொரு கடிதமும் செல்லுமா, செல்லாதா என்று கேட்டுத் துரை கோலாலம்பூர் ஆபீஸுக்கு எழுதினார். அந்த ஆபீஸ் சிரம்பானில் ஒரு வக்கீலுக்கு எழுதியது. வக்கீல் யோசிக்க ஆரம்பித்தார்.

அவர் யோசித்து முடிப்பதற்குள், மே மாதம் பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, சதுப்பு ஓரத்து மர நிரையைப் பார்க்க முன்னால் நடந்த சன்னாசியைக் காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். இரண்டு வெடி. எதற்காக என்று சுட்டவர்களும் சொல்லவில்லை, பிறகு யாரும் சொல்லவில்லை. மண்டோர்களைச் சுடுகிற மாதம் அது, அவ்வளவுதான். விழுந்தவரை முதலில் தாங்கியவன் அமிர்தலிங்கம். ஓரடி பின்னால் நடக்கப் பழகியிருந்தான்.

பால் லாரியில், பால் டின்களுக்கு நடுவே கொண்டுவந்தார்கள். செல்லம் கேட்டருகே நின்றாள். அண்ணன் மடியில் சன்னாசியின் தலை இருந்தது. ஒத்திகையில் கிடப்பதுபோலவே கிடந்தார். யாரோ அவர் கைகளைக் கோத்து வைத்திருந்தார்கள்.

மத்தியானம் போலீஸ் வந்தது. லயத்தில் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்த இன்ஸ்பெக்டர் அமிர்தலிங்கத்தின் வாசலில் நின்றார். சட்டம் வாசலைப் பார்த்தே மாட்டப்பட்டிருந்தது. உத்தரவு அப்படி.

"மரணத்தாலோ" என்று நிறுத்தி வாசித்தார். அவர் நல்ல தமிழ் பேசுகிறவர். "பிப்ரவரியிலேயே எழுதி வைத்திருக்கிறதே. உனக்கு மூன்று மாதம் முன்னால் தெரிந்திருக்கிறது."

"ஐயா, அது தொரை குடுத்தது. எல்லாருக்கும் குடுத்தாரு."

"எல்லாருக்கும் கொடுத்தார். ஆனால் உன்னுடையது பலித்திருக்கிறது."

அமிர்தலிங்கத்தை வண்டியில் ஏற்றினார்கள். கண்ணாடிச் சட்டத்தையும் அவன் பக்கத்தில் வைத்தார்கள். செல்லம் ஒரு பக்கம் பாடையையும் ஒரு பக்கம் வண்டியையும் பார்த்து நின்றாள். எதன் பின்னால் ஓடுவதென்று முடிவு செய்வதற்குள் வண்டி போய்விட்டது. இடுகாடு வேலிக்கு வெளியே இருந்தது. பிணத்துக்கும் பாஸ் எழுத வேண்டுமா என்று கேட்டில் கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் எழுதினார்கள், போவதற்கு மட்டும்.

வக்கீலின் பதில் மறு வாரம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ராமகிருஷ்ணன் கிராணியே செல்லத்தின் வீட்டுக்கு வந்தார். லயத்துக்குள் கிராணி காலெடுத்து வைத்ததை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

"செல்லம், பதினாறாம் நாள் கருமாதின்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்கய்யா."

"வேணாம்மா. தாலி கழட்டற சடங்கு வேணாம். தொரை உத்தரவு."

செல்லத்துக்குப் புரியவில்லை. கிராணி குரலைத் தாழ்த்தி விளக்கினார். போகிற துரை தனக்குப் பிறகு காலியாகும் இடத்துக்கு ஆள் போட்டது செல்லாது என்பதே வக்கீலின் கருத்து. ஆனால் கோர்ட்டில் வேறு மாதிரியும் சொல்லக்கூடும். ஆகவே எந்த இடமும் காலியானதாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பு.

"இடம் காலியாச்சுன்னு நாம ஒத்துக்கிட்டா அந்தக் கடுதாசி எழுந்து உக்காந்துக்கும். ஒண்ணு எழுந்தா நாப்பத்தொண்ணும் எழுந்துக்கும். நீ தாலியக் கழட்டினா ஊரறிய ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், பாரு."

"அய்யா, அவரைப் பொதைச்சாச்சே."

"அது குடும்ப விஷயம்மா. ஆபீஸ்ல அவரு இன்னும் மண்டோருதான். வரல, அவ்வளவுதான்."

அவளை ஆபீஸுக்கு அழைத்துப் போனார். பெல்லாமி துரை எழுந்து நின்று நாற்காலி காட்டினார். எந்தத் துரையும் அவளுக்கு நாற்காலி காட்டியதில்லை. அவளுக்கு அதிலேயே பயம் பிடித்தது. துரை பேசினார், கிராணி தமிழில் சொன்னார்.

"உன் புருஷன் இறந்தது மனிதனாக எனக்குத் தெரியும். மிகவும் வருந்துகிறேன். ஆனால் மேலாளராக எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டால் நான் கடமை தவறியவன் ஆவேன். கார்ஸ்லேக் செய்தது அநியாயம். இருக்கிற மனிதர்களை அவர் செத்தவர்களாக நடத்தினார். நான் அப்படிச் செய்யமாட்டேன். என் காலத்தில் இந்தத் தோட்டத்தில் யாரும் சாகமாட்டார்கள்."

செல்லம் ஒன்றையே பிடித்துக்கொண்டாள். "அப்ப இடம் காலியாகலைங்களா?"

"காலியாகவில்லை."

"அதைத் தொரை எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுப்பதில் துரைக்கு மிகுந்த சந்தோஷம். பதிலுக்கு அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'என் கணவர் மே பதினெட்டு முதல் வேலைக்கு வரவில்லை, காரணம் தெரிவிக்கவில்லை.' அவள் இரண்டு முறை வாசித்தாள். இடம் காலியாகவில்லை என்றால் அண்ணனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. எதுவும் கிடைக்காதவன் எதற்காகக் கொல்லச் சொல்வான்? இந்தத் தாள் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து அழகாக இருக்கிறது என்றார் துரை.

பதினாறாம் நாள் வந்து போனது. செல்லம் குளித்து, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு குழாயடிக்குப் போனாள். பேச்சு நின்றது.

"நம்ம கையால மண்ணு போட்டோமேடி" என்றாள் ராக்கம்மா. "எப்படிடி உனக்கு மனசு வந்துச்சு?"

"எங்கண்ணன் வர்ற வரைக்கும்க்கா."

ராக்கம்மா பாதி நிறைந்திருந்த தன் வாளியைக் குழாயிலிருந்து தள்ளிவிட்டு, செல்லத்தின் வாளியை வைத்தாள்.

தினம் காலையில் கிராணி கூப்பிடுவார்: "இரண்டாம் பிரிவு மண்டோர், சன்னாசி." விதிப்படி மூன்று எண்ணும்வரை காத்திருப்பார். களம் தரையைப் பார்க்கும். "வரவில்லை" என்று எழுதுவார். வழக்கமாகத் தொடர்ந்து மூன்று நாள் வராதவனைச் சீட்டுக் கிழித்து அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் இடம் காலியாகிவிடும் என்பதால் சன்னாசிக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் கொடுத்தார்கள். முதல் எச்சரிக்கை. இரண்டாம் எச்சரிக்கை. மூன்றாவதில் துரை தன் கைப்பட, உங்கள் பழைய உழைப்பைக் கருதிப் பொறுத்துக்கொள்கிறோம் என்று சேர்த்திருந்தார். எல்லாவற்றையும் செல்லமே கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் பாஸ் கிடைக்க ஒரு மாதம் ஆனது. இன்ஸ்பெக்டர் அவள் கழுத்தைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார்.

"மண்டோர் இடம் காலியாகவில்லையா?"

"இல்லீங்கய்யா. பாருங்க, தொரை கையெழுத்து, கம்பெனி முத்திரை."

"ஆக, உன் அண்ணனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை."

"கிடைக்கலைங்கய்யா. அதான் சொல்ல வந்தேன்."

"அப்படியானால் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான்."

செல்லம் தாளை அவர் பக்கம் இன்னும் தள்ளினாள்.

"இடம் கிடைத்துவிட்டது என்றால் ஆசை தீர்ந்தது என்று நினைக்கலாம். விடலாமா என்றுகூட யோசித்தேன். கிடைக்காமல் காத்திருக்கிறவனை எப்படியம்மா வெளியே விடுவது? நீயே சொல்."

"அய்யா, அந்தக் கடுதாசியே செல்லாதுன்னு வக்கீலு எழுதியிருக்காரு. கிராணிய்யா சொன்னாரு."

"வேலைக்குச் செல்லாது. எனக்குச் செல்லும். செல்லாத கடிதத்தைச் சுவரில் மாட்டி நம்பியிருக்கிறான் என்றால் எவ்வளவு பெரிய ஆசை அவனுக்கு!" தாளை ஃபைலில் வைத்துக்கொண்டார். "நல்ல சாட்சி. கொண்டுவந்ததற்கு நன்றி."

அண்ணனைப் பார்க்க விடவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்தான். அமிர்தலிங்கம் அவசரகாலச் சட்டப்படி சொந்த ஊருக்குக் கப்பலேற்றப்பட்டார் என்று ஒரு தாள். கப்பல் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. சொந்த ஊர் நாகப்பட்டினம் என்று போட்டிருந்தது. அவன் பிறந்தது கல்மேட்டுத் தோட்டத்து மூன்றாம் லயத்தில். கடலைப் போர்ட் டிக்சனில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறான். அப்போதும் இறங்கவில்லை, செல்லத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றான். கப்பலேறுமுன் நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டானாம். கான்ஸ்டபிள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துக் கண்ணாடிச் சட்டத்தை எடுத்தான். வழக்கு முடிந்ததால் சாட்சிப் பொருளைத் திருப்பித் தருகிறார்கள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

அன்றே ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. கார்ஸ்லேக் கடிதங்கள் கம்பெனிச் சொத்து. எல்லாம் திரும்ப வாங்கப்படுகின்றன. நாளைக் காலைப் பிரட்டில் ஒப்படைக்க வேண்டும்.

மறுநாள் காலை களம் நிறைந்திருந்தது. பெல்லாமி துரையே வந்து மேஜையருகே நின்றார். கிராணி பெரிய பேரேட்டைத் திறந்தார்.

"இரண்டாம் பிரிவு மண்டோர், சன்னாசி."

கிராணி மூன்று எண்ணத் தொடங்கினார். இரண்டாவதில் செல்லம் வரிசையை விட்டு வெளியே வந்தாள். ஓடவில்லை. மேஜையருகே போய்ச் சட்டத்தைக் குப்புற வைத்தாள். பிறகு இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோய்த் தாலிக் கயிற்றைக் கழற்றி, பேரேட்டில் சன்னாசியின் பேருக்கு நேராக வைத்தாள். நெற்றிப் பொட்டை உள்ளங்கையால் அழித்தாள்.

"எழுதிக்கங்கய்யா. காலி."

கிராணி பேனாவைப் பிடித்தபடி துரையைப் பார்த்தார். துரை மேஜைமேல் கிடந்த மஞ்சள் கயிற்றை, அது எந்த விதியின் கீழ் வருகிறது என்று தேடுகிறவர்போலப் பார்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது. கடைசியில் தலையை இடமும் வலமுமாக அசைத்தார்.

கிராணி பேனா நுனியால் கயிற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சன்னாசியின் பேருக்கு எதிரே "வரவில்லை" என்று எழுதினார். அனுமதியில்லாமல் வரிசையை விட்டு வந்ததால் செல்லத்தின் பேருக்கு எதிரேயும் அதையே எழுதினார். அவள் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள். பிறகு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

"ராக்கம்மா."

ராக்கம்மா அங்கேதான் நின்றாள். பதில் சொல்லவில்லை. கிராணி மூன்று எண்ணினார், எழுதினார். அதற்கடுத்த பேர். பதில் இல்லை. பிள்ளைக் கொட்டகை ஆயாவின் பேரைக் கூப்பிட்டார். செத்தவளாக வாசிக்கப்பட்ட அன்று "இருக்கேன்யா" என்றவள், அன்றைக்கு உதட்டை இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். வெயில் ஏறியது. கிராணி கூப்பிட்டுக்கொண்டே போனார். இருநூற்றுச் சொச்சம் பேர் நிறைந்து நின்ற களத்தில் கிராணியின் குரலைத் தவிரச் சத்தமில்லை. கடைசிப் பக்கம்வரை எல்லாப் பேருக்கு எதிரேயும் ஒரே சொல்லை எழுதிவிட்டுக் கையை உதறினார்.

பெல்லாமி துரை பேரேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முடித்தபோது அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. தோட்டத்தில் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. ஆனால் நாற்பத்தொரு இடங்களில் ஒன்றுகூடக் காலியாகவில்லை.